ஊட்டிக் குளிர் முதல் கொல்லிமலை வளைவு வரை: கிங்ஃபிஷர் பீர் பிறந்த கதை தெரியுமா?

கொல்லிமலை. அடிவாரத்துக் காரவள்ளியில் இருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடிப்பதற்குள் வண்டியில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு வயிறு புரட்டிவிடும். அப்படி ஒரு நண்பர் "நிறுத்துடா, நிறுத்துடா" என்று இறங்கி ஓடிய வளைவில்தான் இந்தக் கட்டுரை ஆரம்பித்தது.

தடுப்புச் சுவருக்குப் பின்னால், புல்லுக்குள் காலி பீர் பாட்டில்கள். சில முழுசாக, பல உடைஞ்சு. லேபிள் உரியாமல் இருந்த ஒன்றில் மீன்கொத்திப் பறவை ஒன்று வெயிலில் வெளுத்துப்போய் இருந்தது. புல்லுக்கட்டோடு அந்தப் பக்கம் வந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, நாங்கள்தான் போட்டோம் என்று நினைத்துவிட்டார். "மாடு மிதிச்சா காலே போயிடும் தம்பி. மேல வந்து ஏன் இந்த வேலை பண்றீங்க?" என்றார். நாங்கள் இல்லை என்று சொல்லி நம்ப வைக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

திரும்பி வண்டியில் ஏறியதும் பேச்சு அந்தப் பறவையைப் பற்றித்தான். இது எந்த ஊர் கம்பெனி? ஒருவர் பெங்களூரு என்றார். இன்னொருவர் "மல்லையா கம்பெனிதானே" என்று முடித்துவிட்டார். இரண்டுமே பாதி சரி. ஆனால் இந்த பிராண்டின் தாய் நிறுவனம் வேர்விட்ட இடங்களில் ஒன்று நம்ம நீலகிரி. அந்தக் கம்பெனி வளர்ந்த கதையில், நாங்கள் நின்றுகொண்டிருந்த கொல்லிமலை எதிர்ப்பக்கத்தில் வருகிறது. இந்தியாவில் மதுவிலக்கு முதன்முதலில் அமலுக்கு வந்த மாவட்டத்தின் மலை இது.

வாங்க, முதலில் இருந்து பார்ப்போம்.

பீருக்கு ஏன் மலை தேவைப்பட்டது?

பீர் என்பது தானியத்தில் இருந்து வருகிற பானம். பார்லியை ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து அரைத்து, வெந்நீரில் ஊறப்போடுவார்கள். முளைவிட்ட தானியத்தில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். அந்த இனிப்புக் கரைசலோடு ஹாப்ஸ் என்ற ஒரு கொடியின் பூவைச் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். பீரின் கசப்பும் மணமும் அதில் இருந்து வருபவை. பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால், அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். அவ்வளவுதான் விஷயம்.

சிக்கல் இந்த "ஆறவைத்து" என்ற வார்த்தையில் இருக்கிறது. ஏல் வகை பீருக்கான ஈஸ்ட் 15 முதல் 22 டிகிரி செல்சியஸுக்குள் நன்றாக வேலை செய்யும். லாகர் வகைக்கு இன்னும் குளிர் வேண்டும், 7 முதல் 13 டிகிரி வரை. சென்னை வெயிலில் திறந்து வைத்தால் ஈஸ்டுக்கு முன்னால் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். இட்லி மாவு கோடையில் ஒரே ராத்திரியில் புளித்துப் பொங்கிவிடுகிறதே, அதே கதைதான். மாவைத் தூக்கிக் கீழே ஊற்றிவிட்டு ரவா உப்புமா கிண்டலாம். ஆனால் ஆயிரக்கணக்கான லிட்டர் பீர் புளித்துப்போனால் கம்பெனியே காலி.

இன்று இதற்குக் குளிரூட்டும் இயந்திரம் இருக்கிறது. ஜெர்மனியில் கார்ல் வான் லிண்டே 1870களில் வடிவமைத்த குளிரூட்டும் இயந்திரங்களை முதலில் விரும்பி வாங்கியவர்களில் பீர் ஆலைக்காரர்கள் முக்கியமானவர்கள். நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு முன்னோடி ஒரு வகையில் பீர் ஆலைதான்! ஆனால் அதற்கு முன்னால் பீர் காய்ச்ச நினைத்தவர்களுக்கு ஒரே வழி, குளிர் இருக்கும் இடத்துக்குப் போவது. இந்தியாவில் அப்படி இடம் என்றால் மலை.

அதனால்தான் இமயமலைச் சாரலில் கசௌலி, சோலன் என்று ஆலைகள் வந்தன. கசௌலியில் ஆலை தொடங்கியவர் எட்வர்ட் டயர். 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்ன ஜெனரல் டயர் இவருடைய மகன்தான். இலங்கையில் நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் 1849 வாக்கில் பீர் காய்ச்சினார். இன்றைய லயன் பீர் தன் பரம்பரையை அங்கே இருந்துதான் சொல்லிக்கொள்கிறது. தெற்கில் அந்த வேலைக்கு நீலகிரி. ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். கொல்லிமலை அதில் ஏறக்குறைய பாதிதான்.

யார் குடிப்பதற்காக?

உள்ளூர் மக்களுக்காக இல்லை. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக.

குன்னூர் பக்கத்தில் இன்று வெலிங்டன் என்று சொல்கிறோமே, அங்கே 1850களில் பிரிட்டிஷ் படைகளுக்கான பெரிய பாசறை எழும்பியது. பெங்களூரில் கன்டோன்மென்ட் அதற்கு முன்பே இருந்தது. சிப்பாய்களுக்குக் கையில் கிடைத்தது உள்ளூர்ச் சாராயம். அதைக் குடித்து விழுந்தவர்களால் ராணுவத்துக்குப் பெரிய தலைவலி. அதற்குப் பதிலாக பீர் கொடுத்தால் தேவலை என்பது மேலிடத்தின் கணக்கு.

ஆனால் பீர் இங்கிலாந்தில் இருந்து வரவேண்டும். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது. அதுவரை ஆப்பிரிக்காவைச் சுற்றி, மாதக்கணக்கில் பாய்மரக் கப்பல் பயணம். அந்தச் சூட்டையும் ஆட்டத்தையும் தாங்க ஹாப்ஸை அள்ளிப்போட்டுக் காய்ச்சி அனுப்பினார்கள். இந்தியா பேல் ஏல் என்ற பீர் வகைக்கே இந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் ஸ்டைலாக "ஐ.பி.ஏ" என்று ஆர்டர் செய்கிறவர்கள் சொல்லும் முதல் எழுத்து நம்ம நாட்டுடையது.

இவ்வளவு செலவு செய்து கப்பலில் கொண்டுவருவதற்கு, இங்கேயே மலையில் காய்ச்சலாமே? அப்படித்தான் 1857இல் கேஸில் ப்ரூவரி, நீலகிரி ப்ரூவரி இரண்டும் தொடங்கியதாக நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. வட இந்தியாவில் சிப்பாய்ப் புரட்சி வெடித்த அதே வருஷம். பெங்களூரு ப்ரூவிங் கம்பெனி 1885இல் வந்தது. பிரிட்டிஷ் ப்ரூவிங் கார்ப்பரேஷன் 1903. பி.பி.பி. ப்ரூவரி 1913.

இந்த ஐந்தையும் ஒன்றாக்கியவர் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1915 மார்ச்சில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, யுனைடெட் ப்ரூவரீஸ் என்ற பெயரில் கம்பெனி பதிவானது. பெயரைத் தமிழில் சொன்னால் "ஒன்றிணைந்த பீர் ஆலைகள்". ரொம்ப யோசிக்கவில்லை போல, நடந்ததை அப்படியே பெயராக வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பீரைப் பெரிய பீப்பாய்களில் நிரப்பி மாட்டு வண்டியில் ஏற்றி பாசறைகளுக்குக் கொண்டுபோனார்கள்.

ஒரு சின்ன இடைவேளை: தமிழருக்கு பீர் புதுசா?

தமிழ் இலக்கியம் படித்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் நகர மனசு வரவில்லை. வெள்ளைக்காரன் வந்துதான் தானியத்தில் மது காய்ச்சக் கற்றுக்கொடுத்தான் என்று நினைத்தால் அது தப்பு.

சங்க இலக்கியத்தில் கள், நறவு, தேறல், மட்டு என்று மதுவுக்கு ஏகப்பட்ட சொற்கள். அதில் ஒன்று தோப்பி. நெல்லில் இருந்து வீட்டிலேயே எடுக்கும் கள் இது. பெரும்பாணாற்றுப்படையில் அரிசியில் மது செய்யும் முறையே வருகிறது. அரிசியைக் களியாகக் கிண்டி, அகலமான தட்டில் ஆறவைத்து, நல்லடை என்ற ஒன்றைச் சேர்த்து, சாடியில் இரண்டு பகல், இரண்டு இரவு வைத்துப் பிழிந்தெடுப்பார்கள். நல்லடை என்றால் என்ன? நெல் முளையை இடித்தது என்று பழைய உரை சொல்கிறது.

முளைகட்டிய தானியம், ஆறவைத்தல், சாடியில் நொதிக்க விடுதல். மேலே பார்லிக்குச் சொன்ன அதே படிகள்தான். கல்லூரியில் இதைப் படித்தபோது வகுப்பில் யாரும் "சார், இது பீர்தானே" என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி அந்தச் சங்க காலத்து ஆள்தான். ஆடி மாதம் அவருக்கு அங்கே அரசு விழா எடுக்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலை இது. இன்று அந்த நிலத்தில் பெரும்பகுதியை சேகோ ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக் கிழங்கு பிடித்துக்கொண்டது தனிக் கதை.

1937: கொல்லிமலை கதைக்குள் வருகிறது

இப்போது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலை, அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான்.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது முதலமைச்சர் பதவிக்கு அதுதான் பெயர். பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. இந்தியாவிலேயே முதல் முறை.

ஏன் சேலம்? ராஜாஜி அங்கே வக்கீலாக இருந்தவர், சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் என்பது ஒன்று. இன்னொன்று, திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கி, ஊர் ஊராகப் போய் குடிக்கு எதிராகப் பேசியவர். அங்கே இருந்து 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் அவருக்கு உதவியாக இருந்தவர் வேறு யாரும் இல்லை, பொன்னியின் செல்வன் எழுதிய கல்கி. குடிக்கு எதிராக மட்டுமே ஒரு பத்திரிகை! இன்று அப்படி ஒன்று தொடங்கினால் விளம்பரம் யார் கொடுப்பார் என்று முதலில் கேட்பார்கள்.

அந்தப் பகுதி ஏழைக் குடும்பங்களில் கூலிப் பணம் எங்கே போனது என்பதை ராஜாஜி பக்கத்தில் இருந்து பார்த்தவர். அதனால் மதுவிலக்கு அவருக்கு வெறும் கட்சிக் கொள்கை இல்லை.

ஆனால் அரசுக்கு ஒரு பெரிய பிரச்சினை. சாராயக் கடை, கள்ளுக்கடை ஏலத்தில் வந்த காசுதான் மாகாண வருமானத்தில் முக்கியமான பங்கு. மதுவிலக்கு அடுத்தடுத்த மாவட்டங்களுக்கும் போனது. சித்தூர், கடப்பா, பிறகு வட ஆற்காடு. ஓட்டையை எதை வைத்து அடைப்பது? 1939இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரி கொண்டுவந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரி அப்படித்தான் அறிமுகமானது.

இதை இரண்டு தடவை படிக்கலாம். கடையில் நாம் வாங்கும் பொருளுக்கு வரி கட்டுகிறோமே, விற்பனை வரி, வாட், இப்போது ஜி.எஸ்.டி. என்று பெயர் மாறி வந்தது, அதன் தொடக்கம் மதுவிலக்கு. குடியை நிறுத்தினால் வருகிற நஷ்டத்தை ஈடுகட்ட வந்த வரி அது. பிறகு குடி திரும்ப வந்தது. வரி போகவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1948 அக்டோபர் 2 அன்று, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. நீலகிரியும் அதில் அடக்கம். பீர் காய்ச்சத் தோதான குளிர் அப்படியேதான் இருந்தது. ஆனால் சட்டம் மாறிவிட்டது.

கம்பெனி என்ன ஆனது?

வெள்ளைக்காரர்கள் போகும் நேரத்தில் யுனைடெட் ப்ரூவரீஸ் ஒரு இந்தியர் கைக்கு வந்தது. விட்டல் மல்லையா. கர்நாடகாவின் பண்ட்வால் பகுதியைச் சேர்ந்த குடும்பம். பங்குச் சந்தையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குகளை வாங்கிச் சேர்த்து, 1947இல் கம்பெனியின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். அடுத்த வருஷம் தலைவர். வயது அப்போது இருபதுகளில். அதாவது, பாதி நாடு மதுவிலக்கு பேசிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் ஒருவர் மதுக் கம்பெனியை விரும்பி வாங்கினார்.

1951இல் அவர் மெக்டவல் கம்பெனியையும் வாங்கினார். இதுவும் நம்ம ஊர் சமாச்சாரம்தான். 1826இல் ஆங்கஸ் மெக்டவல் என்பவர் மெட்ராஸில் தொடங்கிய வணிக நிறுவனம் அது. கப்பலில் வரும் மதுவையும் சுருட்டையும் வெள்ளைக்காரர்களுக்கு விற்றுவந்தது. மல்லையா கைக்கு வந்த பிறகு அதற்குச் சொந்தமாக ஒரு மது ஆலை கட்டினார்கள். எங்கே? மெட்ராஸில் இல்லை. கேரளாவில், சேர்த்தலையில், 1959இல். மெட்ராஸ் முழுக்க மதுவிலக்கு இருந்த காலம் அது.

மது ஆலை எங்கே வரும் என்பதைக் குளிர் தீர்மானித்த காலம் முடிந்து, சட்டம் தீர்மானிக்கும் காலம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. குளிரை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். லைசென்ஸை எந்த இயந்திரமும் தராது.

மதுவிலக்கு என்று செய்தி வந்தால் மதுக் கம்பெனிப் பங்குகள் விழும். விழும்போது வாங்குவது விட்டல் மல்லையாவின் வழக்கம் என்று வணிக உலகத்தில் சொல்வார்கள். 1970களின் கடைசியில் பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடு முழுக்க மதுவிலக்கு என்று பேசினார். அந்த நேரத்திலும் அவர் பின்வாங்கவில்லை.

மீன்கொத்தி வந்தது 1978இல்

அதே மொரார்ஜி ஆட்சிக் காலத்தில், 1978இல்தான் கிங்ஃபிஷர் பிராண்ட் சந்தைக்கு வந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் விட்டலின் மகன் விஜய் மல்லையா. 1983இல் அப்பா இறந்ததும் 28 வயதுக்குள் குழுமத்தின் தலைவர் ஆனார்.

பிறகு நடந்தது பலருக்குத் தெரியும். 1999இல் கிங்ஃபிஷர் ஸ்ட்ராங் வந்தது. 8 சதவீதம் வரை ஆல்கஹால். சாதாரண கிங்ஃபிஷரில் 4.8 சதவீதம். இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி இந்த "ஸ்ட்ராங்" வகைதான். இதற்கும் அரசுக்கும் சம்பந்தம் உண்டு. பீர் குடித்தாலும் பிராந்தி குடித்தாலும் கையில் இருக்கும் காசுக்கு எவ்வளவு போதை என்று கணக்குப் பார்க்கும் சந்தை இது. வரி கூடக்கூட, அந்தக் கணக்கில் மெல்லிய பீர் தோற்றுப்போகிறது.

மது விளம்பரத்துக்குத் தடை வந்தபோது கிங்ஃபிஷர் பெயரில் தண்ணீர் பாட்டில் வந்தது, காலண்டர் வந்தது, கடைசியில் 2005இல் விமானமே வந்தது. உலகத்தில் இவ்வளவு செலவு செய்து ஒரு பீருக்கு மறைமுக விளம்பரம் யாரும் செய்திருக்க மாட்டார்கள். 2012 அக்டோபரில் விமானங்கள் தரையில் நின்றன. ஊழியர்களுக்குச் சம்பள பாக்கி, வங்கிகளுக்குக் கடன் பாக்கி. 2016 மார்ச்சில் விஜய் மல்லையா நாட்டை விட்டுப் போனார். 2021 ஜூனில் நெதர்லாந்தின் ஹைனகன் நிறுவனம் யுனைடெட் ப்ரூவரீஸில் தன் பங்கை 61.5 சதவீதமாக உயர்த்தி, கம்பெனியைக் கையில் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் செப்டம்பரில், போட்டி நிறுவனங்களோடு சேர்ந்து விலையைப் பேசி வைத்துக்கொண்டதாக இந்தியப் போட்டி ஆணையம் கம்பெனிக்கு 751.83 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

நாட்டில் விற்கும் பீரில் ஏறக்குறைய பாதி இன்றும் இந்தக் கம்பெனியுடையது. நீலகிரிக் குளிரில் பிரிட்டிஷ் சிப்பாய்க்காகக் காய்ச்சிய பீர், ஸ்காட்லாந்துக்காரர், மங்களூர்ப் பக்கத்துக் குடும்பம் என்று கைமாறி, இப்போது டச்சுக்காரர் கையில்.

சரி, தமிழ்நாட்டில்?

தமிழ்நாடு இந்த விஷயத்தில் முடிவெடுத்து முடிவெடுத்து மாற்றிக்கொண்டே இருந்தது. 1971இல் கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள, மழையில், வயதான காலத்தில், ராஜாஜி அவருடைய வீட்டுக்கே போனார் என்பதைத் தமிழ்நாட்டு அரசியல் மேடைகளில் இன்றும் கேட்கலாம். 1974இல் மீண்டும் மதுவிலக்கு. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறப்பு. 1983இல் டாஸ்மாக் நிறுவனம், மொத்த விற்பனைக்கு. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது.

பீர் ஆலைகளும் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தன. ஆனால் ஊட்டிக்கு இல்லை, சென்னையைச் சுற்றியுள்ள சமவெளிக்கு. வெயில் கொளுத்தும் ஊர்தான். இயந்திரக் குளிர் இருக்கும்போது யாருக்குக் கவலை?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பீர் கம்பெனிக்கு வாடிக்கையாளர் நீங்கள் இல்லை, டாஸ்மாக்தான். எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது, என்ன விலைக்கு வாங்குவது என எல்லாம் அங்கே முடிவாகிறது. கடையில் எந்த பிராண்ட் இருக்கிறதோ அதைத்தான் வாங்க முடியும். தெலங்கானாவிலும் மொத்தக் கொள்முதல் அரசு கையில்தான். 2019-20க்குப் பிறகு கொள்முதல் விலையை ஏற்றவில்லை, பாக்கியும் தரவில்லை என்று சொல்லி 2025 ஜனவரியில் யுனைடெட் ப்ரூவரீஸ் அந்த மாநிலத்துக்கு பீர் அனுப்புவதையே நிறுத்தியது. கொஞ்ச நாளில் மீண்டும் அனுப்பத் தொடங்கியது. நாட்டிலேயே பெரிய பீர் கம்பெனிக்கே நிலைமை இதுதான் என்றால், மாநில அரசு எவ்வளவு பெரிய வாடிக்கையாளர் என்று யோசித்துப் பாருங்கள்.

அரசுக்கு இதில் வரும் காசு? 2023-24இல் மட்டும் டாஸ்மாக் மூலம் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். 1939இல் ராஜாஜி அரசு "இந்தக் காசு இல்லாமல் எப்படிச் சமாளிப்பது" என்று கேட்டுக்கொண்ட கேள்வி, ஒவ்வொரு தேர்தலிலும் மதுவிலக்கு வாக்குறுதி வரும்போது திரும்ப வருகிறது. அப்போது விற்பனை வரி என்று ஒரு புதுக் கதவு இருந்தது. இப்போது அந்தக் கதவும் திறந்தாயிற்று, ஜி.எஸ்.டி.யில் அதன் சாவி டெல்லியில் பாதி இருக்கிறது. 2023 ஜூனில் 500 கடைகளை அரசு மூடியது. 5,329 ஆக இருந்தது 4,829 ஆனது.

அந்த பாட்டில்கள்?

கொல்லிமலை வளைவில் கிடந்த பாட்டிலுக்கு வருவோம். ஏனென்றால் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு நீலகிரியில் ஒரு பதில் கிடைத்தது.

மலைகளில் வீசப்படும் மது பாட்டில்கள் உடைந்து யானைகள் உள்ளிட்ட வன விலங்குகளின் கால்களைக் கிழிக்கின்றன என்ற விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் கறாராக இருந்ததால், 2022 மே மாதம் நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் ஒரு திட்டம் வந்தது. பாட்டில் வாங்கும்போது 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். குடித்தவர் கொண்டுவர வேண்டும் என்றுகூட இல்லை. வழியில் கிடப்பதை யார் பொறுக்கிக்கொண்டு வந்தாலும் காசு. விற்ற பாட்டில்களில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. பிறகு மற்ற மலைப்பகுதிகளுக்கும் சில மாவட்டங்களுக்கும் திட்டம் விரிவானது.

கடை ஊழியர்கள் தரப்பில் இதற்கு எதிர்ப்பும் உண்டு. விற்பதற்கே இடமும் ஆளும் போதாத கடையில், நாற்றமடிக்கும் காலி பாட்டில்களை எண்ணி, ஸ்டிக்கர் பார்த்து, எங்கே அடுக்கி வைப்பது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

பீர் பாட்டிலைப் பொறுத்தவரை இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தியாவில் பீர் கம்பெனிகள் பழைய பாட்டில்களை நம்பித்தான் ஓடுகின்றன. காயலான் கடையில் இருந்து மொத்த வியாபாரிக்கும், அங்கே இருந்து ஆலைக்கும் போய், கழுவி, மறுபடி நிரப்பி, புது லேபிள் ஒட்டி அதே பாட்டில் பல தடவை கடைக்கு வரும். கண்ணாடியில் தேய்ந்த வெள்ளை வளையம் இருந்தால் அது பலமுறை போய்வந்த பாட்டில் என்று அர்த்தம்.

அன்று நாங்கள் உடையாத பாட்டில்களை மட்டும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டோம். பதினொன்று இருந்தது. ஆகாய கங்கை அருவி பார்த்துவிட்டு, அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு, சாயங்காலம் அதே 70 வளைவுகளில் இறங்கும்போது டிக்கியில் அவை உருண்டு இடித்துக்கொண்டே வந்தன. அடிவாரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் இறக்கினோம். கடைக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாம் மேல கிடந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம்.

"இன்னும் கிடக்கும்" என்றார்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு. மலைக்குப் போகிறவர்கள் பாட்டில்களைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.)